கிலோ 24 ரூபாய் மக்காச்சோளம், லட்ச ரூபாய் போர்பன் பாட்டில்: வரிக் குறைப்பால் பெரம்பலூர், அரியலூருக்கு என்ன?

தை, மாசி மாதங்களில் பெரம்பலூர் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க மஞ்சளாக மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருக்கும். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே மறுபக்கமாக வண்டியை ஒதுக்கிப் போவார். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் என்றாலே முதலில் சொல்லப்படும் மாவட்டங்களில் ஒன்று பெரம்பலூர். பக்கத்து அரியலூரிலும் இது முக்கியமான மானாவாரிப் பயிர். இங்கே விளைவதில் பெரும் பங்கு நாமக்கல் பக்கம் கோழித் தீவனமாகப் போய்விடுகிறது.

இதே மக்காச்சோளத்தை அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்தில் ஊறவைத்து, புளிக்கவைத்து, காய்ச்சி, மரப் பீப்பாயில் ஊற்றிப் பூட்டிவைக்கிறார்கள். அதுதான் போர்பன் விஸ்கி. 23 வருடம் பூட்டிவைத்த பாட்டில் ஒன்று அமெரிக்க மறுவிற்பனைச் சந்தையில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. நம்ம காசில் லட்சங்கள்.

இதை இப்போது பேசக் காரணம், இந்திய - அமெரிக்க வர்த்தகப் பேச்சுவார்த்தையில் போர்பன் திரும்பத் திரும்ப அடிபடுவதுதான். 2025 பிப்ரவரியில், பிரதமர் மோடி டிரம்பைச் சந்தித்த அதே சமயத்தில், போர்பன் மீதான இறக்குமதி வரியை இந்தியா 150 சதவீதத்தில் இருந்து 100 சதவீதமாகக் குறைத்தது. அதற்கு அடுத்த மாதமே வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் கரோலின் லெவிட், அமெரிக்க மதுவுக்கு இந்தியா 150 சதவீத வரி போடுகிறது, இதனால் கென்டக்கி போர்பனுக்கு என்ன லாபம் என்று செய்தியாளர்களிடம் கேட்டார். போர்பனுக்கு வரி குறைந்து ஒரு மாதம் ஆகியிருந்ததை யாரும் அவருக்குச் சொல்லவில்லை போல.

இதில் நம்ம ஊர் விவசாயி எங்கே வருகிறார்? அந்தப் பாட்டிலைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். (மது உடல்நலத்துக்குக் கேடு. இந்தக் கட்டுரை யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. ஒரு பாட்டிலின் விலைக்குள் என்னென்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறோம்.)

முதலில், போர்பன் என்றால் என்ன?

எல்லா போர்பனும் விஸ்கிதான். எல்லா விஸ்கியும் போர்பன் ஆகிவிடாது. அமெரிக்கச் சட்டப்படி இது அமெரிக்காவுக்குள் தயாராகியிருக்க வேண்டும். தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடிக்கும்போது சாராய அளவு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நிறத்துக்கோ மணத்துக்கோ வெளியில் இருந்து எதையும் சேர்க்கக் கூடாது. பீப்பாய் ஓக் மரத்தில் செய்ததாக, உள்பக்கம் தீயில் கருக்கியதாக, முக்கியமாக, புத்தம் புதியதாக இருக்க வேண்டும். 1964-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைத் தன் நாட்டுக்கே உரிய தனிப் பொருள் என்று தீர்மானம் போட்டது. ஆகவே பெரம்பலூரில் அச்சு அசலாக அதே முறையில் ஒருவர் செய்தாலும் அதற்கு போர்பன் என்று பெயர் வைக்க முடியாது.

டாஸ்மாக்கில் "விஸ்கி" என்று விற்கும் உள்நாட்டு சரக்கு பெரும்பாலும் வேறு வகை. கரும்பாலைக் கழிவான மொலாசஸில் இருந்தோ தானியத்தில் இருந்தோ எடுத்த சுத்த சாராயத்தில் நிறமும் மணமும் கலந்து செய்வது. பீப்பாயில் ஊற வேண்டும் என்ற கட்டாயமே அதற்கு இல்லை. மொலாசஸில் செய்ததை விஸ்கி என்ற பெயரில் ஐரோப்பிய நாடுகளில் விற்கவே முடியாது.

கென்டக்கி பெருமை அரியலூரிலும் இருக்கிறது

கென்டக்கிக்காரர்கள் தங்கள் விஸ்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டு விஷயங்களில் வந்து நிற்பார்கள். ஒன்று எங்கள் சோளம், இன்னொன்று எங்கள் சுண்ணாம்புக்கல் தண்ணீர். சுண்ணாம்புப் பாறை வழியாக ஊறி வரும் நீரில் இரும்புச் சத்து இருக்காது, கால்சியம் இருக்கும். இரும்பு இருந்தால் விஸ்கி கறுத்து ருசி கெடும். கால்சியம் இருந்தால் ஈஸ்ட் நன்றாக வேலை செய்யும். விஷயம் உண்மைதான். ஆனால் இன்று பல ஆலைகள் தண்ணீரைச் சுத்திகரித்தே பயன்படுத்துகின்றன. அதனால் இந்தப் பெருமையில் பாதி விளம்பரம் என்பது நம்ம கணிப்பு.

சுண்ணாம்புக்கல் என்றால் நமக்கு அரியலூர் ஞாபகம் வராமல் இருக்குமா? கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் கடலாக இருந்த இடம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புதான் இன்று சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. ஆக, சோளம் பெரம்பலூரில், சுண்ணாம்புக்கல் அரியலூரில். கென்டக்கி பீற்றிக்கொள்ளும் இரண்டும் பக்கத்துப் பக்கத்து மாவட்டத்தில் நம்மிடம் இருக்கிறது. பழைய மரம் வேண்டுமா, அதுவும் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 12 கோடி வருடத்து மரம் கல்லாகிக் கிடக்கிறது. பீப்பாய் செய்யத்தான் முடியாது!

இல்லாதது எது? குளிர். விலையின் ரகசியமே அங்கேதான் இருக்கிறது.

வயசு எப்படி காசாகிறது?

பீப்பாயில் இருக்கும் சரக்கு சும்மா இருக்காது. வெயில் காலத்தில் விரிந்து மரத்துக்குள் நுழையும். குளிர் காலத்தில் சுருங்கி வெளியே வரும். போகும்போதும் வரும்போதும் மரத்தின் சத்தை எடுத்துக்கொண்டு வரும். போர்பனின் நிறமும் இனிப்பு வாசனையும் பெரும்பாலும் மரம் கொடுத்தவைதான். அதே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டும் இருக்கும். இந்த ஆவி இழப்புக்கு அந்த ஊரில் "தேவதைகளின் பங்கு" என்று பெயர். படையலில் பாதி காணாமல் போனால் சாமி சாப்பிட்டுவிட்டது என்று நாம சொல்வதில்லையா, அந்த மாதிரி.

கென்டக்கியில் இந்த இழப்பு வருடத்துக்கு 3 முதல் 5 சதவீதம். சராசரியாக 4 என்று வைத்துக் கணக்குப் போடுவோம். 200 லிட்டர் பீப்பாயை 23 வருடம் வைத்தால் மிச்சம் சுமார் 78 லிட்டர். பெங்களூருவில் அம்ருத் நிறுவனம் விஸ்கியைப் பீப்பாயில் வைக்கிறது. அங்கே இழப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கும் மேல். அந்தக் கணக்கில் 23 வருடம் கழித்துப் பார்த்தால் 200 லிட்டரில் 18 லிட்டர்கூட தேறாது. அதனால்தான் அவர்கள் 12 வருட விஸ்கி ஒன்றை வெளியிட்டபோது அதன் பெயரையே "பேராசை பிடித்த தேவதைகள்" என்ற பொருளில் வைத்தார்கள். பெங்களூரு குளுகுளு ஊரிலேயே இந்தக் கதி என்றால், சித்திரை வெயிலில் பெரம்பலூரில் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது சோளக் கணக்குக்கு வருவோம். இந்தியாவில் எத்தனால் ஆலைகளுக்கு வைக்கும் அளவுகோலின்படி ஒரு டன் மக்காச்சோளத்தில் இருந்து சுமார் 380 லிட்டர் சாராயம் கிடைக்கும். அதை வைத்துப் பார்த்தால் ஒரு போர்பன் பீப்பாயை நிரப்ப ஏறக்குறைய 330 கிலோ தானியம் தேவை. நான்கு வருடத்தில் பாட்டிலில் அடைக்கும் சாதாரண போர்பன் என்றால் ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோ தானியம் என்று வரும். 23 வருடம் வைத்து, பாதிக்கு மேல் ஆவியான பிறகு அடைத்தால் பாட்டிலுக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த மக்காச்சோள ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய், அதாவது கிலோ 24 ரூபாய். கலவை முழுவதும் சோளம் என்றே வைத்துக்கொண்டாலும் லட்ச ரூபாய் பாட்டிலுக்குள் இருக்கும் தானியத்தின் மதிப்பு 75 ரூபாயைத் தாண்டவில்லை. மற்றதெல்லாம் மரம், கிடங்கு, வரி, காத்திருந்த காலம், ஆவியாகிப் போனது, எல்லாவற்றுக்கும் மேல் "இது கிடைக்காது" என்ற பேச்சு.

பழசு எல்லாம் ருசியா?

இந்த இடத்தில் ஒரு தப்பான நம்பிக்கையை உடைக்க வேண்டியிருக்கிறது. பழசு ஆக ஆக ருசி கூடிக்கொண்டே போகும் என்பது போர்பனுக்குப் பொருந்தாது. ஸ்காட்லாந்து விஸ்கியை ஏற்கெனவே பயன்படுத்திய பழைய பீப்பாயில், குளிரான ஊரில் வைக்கிறார்கள். ஒருமுறை டிகாக்ஷன் இறக்கிய தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றுவது போல, மரத்தின் சத்து மெதுவாகத்தான் இறங்கும். போர்பனுக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பீப்பாய். கென்டக்கி கோடையோ நல்ல வெயில். முதல் டிகாக்ஷன், அதுவும் நாள் கணக்காக ஊறினால்?

6 முதல் 12 வருடம் வரை உள்ள நல்ல போர்பனில் வெனிலா, வெல்லப்பாகு, பட்டை, கிராம்பு, காய்ந்த பேரீச்சை மாதிரியான வாசனைகளை ருசி பார்ப்பவர்கள் சொல்வார்கள். ஓக் மரத்திலேயே வெனிலா வாசனை தரும் பொருள் இருக்கிறது. மரத்தைக் கருக்கும்போது அதன் சர்க்கரைச் சத்து பாகாகிறது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. 20 வருடம் தாண்டினால் கதை மாறும். பீப்பாய் நல்ல இடத்தில், கிடங்கின் கீழ்த் தளத்தில் சூடு படாமல் இருந்திருந்தால் பழைய தோல், புகையிலை, உலர்ந்த பழம் என்று ஆழமான வாசனை வரும். மேல் தளத்தில் வெந்திருந்தால் தச்சுப் பட்டறை மரத்தூளைக் கஷாயம் வைத்த மாதிரி கசக்கும், நாக்கு இழுக்கும். 23 வருடப் பாட்டிலைவிட அதே குடும்பத்தின் 15 வருடப் பாட்டில்தான் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லும் ரசிகர்கள் நிறைய.

ருசி பார்க்கும் முறையும் நம்ம ஊர் பழக்கத்துக்கு நேர் எதிர். சோடாவோ கோலாவோ ஊற்றி ஒரே மூச்சில் இறக்குவது அங்கே கிடையாது. கீழே அகன்று வாய் குறுகிய கண்ணாடியில் கொஞ்சமாக ஊற்றி, சில நிமிடம் விட்டு, வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர்கிறார்கள். அப்போதுதான் சாராய நெடி மூக்கில் ஏறாது. பிறகு ஒரு சொட்டு நாக்கில். 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சரக்கு என்பதால் சில துளி தண்ணீர் விட்டு மறுபடி முகர்வார்கள், வாசனை மாறும். ஒரு கண்ணாடியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விஸ்கிக்கு வயசு ஏறுவது பீப்பாயில் மட்டும்தான். பாட்டிலில் அடைத்த நிமிடத்தில் வயசு நின்றுவிடும். 12 வருட பாட்டிலை பீரோவில் 10 வருடம் பூட்டிவைத்தால் 22 வருட விஸ்கி ஆகாது. அது 12 வருட விஸ்கிதான், பாட்டில் மட்டும் பழசு.

விற்காமல் கிடந்தது விலை ஏறிய கதை

சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பெயர்களில் முதலிடம் பாப்பி வான் விங்கிள். அந்தக் குடும்பத்தின் பழைய ஆலையான ஸ்டிட்செல்-வெல்லர் 1935-ல் திறக்கப்பட்டு 1992-ல் மது வடிப்பதை நிறுத்தியது. இப்போது இந்தப் பாட்டில்கள் பஃபலோ டிரேஸ் ஆலையோடு சேர்ந்து வருகின்றன. தயாரிப்பாளர் சொல்லும் விலை சில நூறு டாலர்தான். அந்த விலைக்குக் கடையில் பார்த்ததாகச் சொல்பவரைக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

அவ்வளவு பழைய போர்பன் முதலில் எப்படி வந்தது என்பது சுவாரஸ்யமான கதை. யாரும் 20 வருடம் காத்திருக்கத் திட்டம் போடவில்லை. 1970, 80-களில் அமெரிக்க இளைஞர்கள் வோட்காவுக்குத் தாவிவிட்டார்கள். போர்பன் வாங்க ஆள் இல்லை. பீப்பாய்கள் கிடங்கிலேயே தேங்கின. வருடங்கள் கழித்து மறுபடி மவுசு வந்தபோது, விற்காமல் கிடந்த அந்தச் சரக்குதான் "அரிய பழைய போர்பன்" ஆனது. நம்ம விவசாயி விலை இல்லாத வருடத்தில் சோளத்தை இருப்பு வைத்தால் வண்டு அடித்து மாவாகிவிடும், அவர்களுக்கு வைரமாகிவிட்டது.

மவுசு வந்தால் திருட்டும் வரும். 2013-ல் பஃபலோ டிரேஸ் ஆலையில் 200-க்கும் மேற்பட்ட பாட்டில்கள் காணாமல் போனது தெரிய வந்தது. 2015-ல் ஒன்பது பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. முக்கியமானவர் அந்த ஆலையின் ஊழியர்.

இதைவிட நமக்கு நெருக்கமான கதை ஒரிகான் மாகாணத்தில் நடந்தது. அமெரிக்காவில் 17 மாகாணங்களில் மது வியாபாரம் ஏதோ ஒரு கட்டத்தில் அரசின் கையில் இருக்கிறது. ஏறக்குறைய நம்ம டாஸ்மாக் மாதிரி. ஒரிகானில் மது ஆணையத்தின் உயர் அதிகாரிகள் சிலர், பொதுமக்களுக்கு லாட்டரியில் கிடைக்க வேண்டிய பாப்பி வான் விங்கிள் போன்ற பாட்டில்களைத் தங்களுக்காக ஒதுக்கி வைத்துக்கொண்டது 2023-ல் வெளியே வந்தது. காசு கொடுத்துத்தான் வாங்கினோம் என்பது அவர்கள் தரப்பு. ஆணையத்தின் தலைமை அதிகாரி பதவி விலகினார். கிரிமினல் வழக்கு போடுமளவு ஆதாரம் இல்லை என்று விசாரணை பின்னர் முடிந்தது. பாட்டிலுக்கு மேல பத்து ரூபாய் வாங்குவது பற்றி இங்கே நடக்கும் சண்டையை நினைத்துக்கொண்டே இதைப் படிக்கலாம்.

நம்ம ஊரில் இப்படிச் சேகரிக்க முடியுமா?

வெளிநாட்டு வேலையில் இருப்பவர்கள் லீவுக்கு வரும்போது விமான நிலையக் கடையில் வாங்கி வரும் பாட்டில், பெரம்பலூர், அரியலூர் வீடுகளுக்குப் புதிதல்ல. வரி இல்லாமல் ஒருவர் கொண்டு வரக்கூடியது 2 லிட்டர். அதுவரை பிரச்சினை இல்லை. அதன் பிறகுதான் கவனம் வேண்டும்.

தமிழ்நாட்டில் மது விவகாரத்தை இன்றும் 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம்தான் ஆள்கிறது. சில்லறை விற்பனை 2003-ல் இருந்து டாஸ்மாக்கிடம் மட்டுமே. சொந்த உபயோகத்துக்கு வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அமெரிக்க சேகரிப்பாளர் போல அலமாரி அலமாரியாக அடுக்க முடியாது. அதைவிட முக்கியம், உரிமம் இல்லாமல் ஒரே ஒரு பாட்டிலை விற்றாலும் குற்றம். அது 200 ரூபாய் குவார்ட்டரா, 2 லட்ச ரூபாய் போர்பனா என்று சட்டம் பார்க்காது. "பழைய விஸ்கியில் முதலீடு செய்யுங்க, அஞ்சு வருஷத்துல டபுள்" என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் நம்பிப் பணம் போடாதீர்கள். வாங்கினாலும் இங்கே சட்டப்படி விற்க வழி இல்லை. காலி பாட்டிலை வாங்கி மலிவு சரக்கை ஊற்றி மறுபடி மூடி போடும் மோசடி அமெரிக்காவிலேயே நடக்கிறது. அதனால்தான் அங்கே பலர் காலியான அரிய பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள்.

ஏற்கெனவே ஒரு பாட்டில் கையில் இருந்தால் நிற்கவைத்து வையுங்கள். படுக்கவைத்தால் சாராயம் கார்க்கை அரித்துவிடும். வெயில் படும் ஷோகேஸ் அழகுக்கு நல்லது, சரக்குக்கு நல்லதல்ல. நம்ம ஊர்ச் சூட்டில் கார்க் சுருங்கி, திறக்காத பாட்டிலிலேயே அளவு இறங்கும்.

வரிதான் குறைந்ததே, விலை குறையாதா?

குறையும், ஆனால் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை. துறைமுகத்தில் 1,000 ரூபாய் மதிப்பில் இறங்கும் பாட்டிலுக்கு முன்பு வரி 1,500, மொத்தம் 2,500. இப்போது வரி 1,000, மொத்தம் 2,000. அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதற்கு மேல்தான் மாநில வரிகள் ஏறுகின்றன. மது ஜிஎஸ்டிக்குள் வராது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விலை.

வியாபாரமும் ரொம்பச் சின்னது. 2023-24-ல் இந்தியா இறக்குமதி செய்த போர்பனின் மொத்த மதிப்பே 25 லட்சம் டாலர், சுமார் 20 கோடி ரூபாய். டாஸ்மாக் வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. அப்புறம் எதற்கு இவ்வளவு சத்தம்? கென்டக்கியின் அரசியல் பலம்தான் காரணம். 2018-ல் டிரம்ப் இரும்புக்கு வரி போட்டதும் ஐரோப்பிய ஒன்றியம் பதிலுக்கு போர்பனுக்குத்தான் 25 சதவீதம் போட்டது. 2025 மார்ச்சில் கனடாவின் பல மாகாணங்கள் அமெரிக்க மதுவைக் கடை அலமாரியில் இருந்தே இறக்கின. அடித்தால் வலிக்கும் இடம் அது. தடவிக் கொடுத்தால் செலவில்லாமல் நல்ல பெயர் வாங்கும் இடமும் அதுவே. இந்தியா செய்தது இரண்டாவது.

இப்போது அங்கே நிலைமையும் சரியில்லை. கென்டக்கி கிடங்குகளில் 1.6 கோடிக்கும் அதிகமான பீப்பாய்கள் தேங்கியிருப்பதாக அங்குள்ள மது உற்பத்தியாளர் சங்கமே 2025-ல் சொன்னது. மாகாணத்தின் மக்கள்தொகை சுமார் 45 லட்சம். தலைக்கு மூன்று பீப்பாய்க்கு மேல்! ஜிம் பீம் நிறுவனம் தன் கிளெர்மான்ட் ஆலையில் 2026 முழுக்க மது வடிப்பதை நிறுத்திவைக்கப் போவதாக அறிவித்தது. 1970-களின் கதை திரும்புகிறது. அந்தச் சரக்குக்கு வெளிநாட்டில் வாசல் திறக்கச் சொல்லி அமெரிக்கா அழுத்தம் கொடுப்பதில் ஆச்சரியம் இல்லை.

அப்போ விவசாயி எதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும்?

பாட்டிலைப் பார்த்து இல்லை. போர்பனுக்கு நாளைக்கே வரியை முழுசாக எடுத்தாலும் வேப்பந்தட்டையில் மக்காச்சோளம் விலை ஒரு பைசா அசையாது. மேலே பார்த்த கணக்குப்படி பாட்டிலில் சோளத்தின் பங்கு அவ்வளவு சின்னது.

கவலை இரண்டு இடத்தில். முதலாவது, சோளமே நேராக வருவது. 2025 செப்டம்பரில் அமெரிக்க வர்த்தகச் செயலர் ஹோவர்ட் லட்னிக், 140 கோடி மக்கள் என்று பெருமை பேசும் இந்தியா ஒரு புஷல் அமெரிக்க சோளம்கூட வாங்க மாட்டேன் என்கிறதே என்று குறைபட்டார். ஒரு புஷல் என்பது 25 கிலோ சொச்சம், நம்ம கணக்கில் ஒரு சின்ன மூட்டை. இந்தியாவில் 5 லட்சம் டன் வரைக்கும் 15 சதவீத வரி, அதற்கு மேல் 50 சதவீதம். அதோடு, அமெரிக்காவில் விளைவதில் 90 சதவீதத்துக்கும் மேல் மரபணு மாற்றுச் சோளம். அதற்கு இங்கே அனுமதி இல்லை. இந்த இரண்டு தடுப்பும்தான் பெரம்பலூர் சோளத்துக்குக் காவல்.

இரண்டாவது பலருக்குத் தெரியாதது. சோளத்தில் சாராயம் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையைக் காயவைத்தால் கிடைப்பதற்கு டிடிஜிஎஸ் என்று பெயர். 100 கிலோ சோளத்தில் சுமார் 30 கிலோ தேறும். புரதம் அதிகம், கோழிக்கும் மாட்டுக்கும் போடலாம். அமெரிக்காவில் இது மலைபோல் குவிகிறது, பெரும்பாலும் வண்டிக்கு ஊற்றும் எத்தனால் ஆலைகளில் இருந்து. 2026 பிப்ரவரி தொடக்கத்தில் வெளியான இந்திய - அமெரிக்க கூட்டறிக்கையில், இந்தியா வரியை நீக்கவோ குறைக்கவோ போகும் பொருட்கள் பட்டியலில் மதுபானமும் இருந்தது, இந்தச் சக்கையும் இருந்தது. டிவி விவாதங்களில் மதுபானம்தான் ஓடியது. மக்காச்சோளம் உள்ளிட்ட முக்கியப் பயிர்கள் முழுசாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன என்று வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல் சொன்னார். சோளத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் தீவன ஆலைக்காரர் மூட்டைக் கணக்குப் போடும்போது, சக்கை மலிவாகக் கிடைத்தால் சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். சோளம் வாசலில் நிற்கும்போது சக்கை பின்வாசல் வழியாக வருகிறது என்று விவசாய சங்கங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

கோழிப் பண்ணைக்காரர் பக்கத்தையும் கேட்க வேண்டும். 2024-ல் எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தை அள்ளியபோது தீவன விலை எகிறியது. ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா மியான்மர், உக்ரைனில் இருந்து சோளம் இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. 2021-ல் தீவனத் தட்டுப்பாடு வந்தபோது மரபணு மாற்று சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை அரசு அனுமதித்த முன்னுதாரணமும் இருக்கிறது. அவர்களுக்கு மலிவு சக்கை ஒரு நிவாரணம்.

விவசாயிக்கு அந்த நிவாரணம் இல்லை. 2018-ல் படைப்புழு வந்து பெரம்பலூர் சோளக் காடுகளைத் தின்றுவிட்டுப் போனதை யாரும் மறக்கவில்லை. அதன்பிறகு மருந்துச் செலவு நிரந்தரமாக ஏறிவிட்டது. ஆதரவு விலை 2,400 என்பது காகிதத்தில்தான். 2025 நவம்பரில் கர்நாடகத்தில் சந்தை விலை அதற்கு வெகு கீழே இறங்கி விவசாயிகள் ரோட்டுக்கு வந்தார்கள். அந்த நிலையில் தீவனத் தேவை சில சதவீதம் குறைந்தாலே களத்துமேட்டில் வியாபாரி சொல்லும் விலை இறங்கும்.

கூட்டறிக்கை என்பது சட்டம் ஆகாது. சுங்க வரி மாறினால் நிதி அமைச்சகம் தனியாக அறிவிக்கை போடும். எவ்வளவு அளவு வரை, எவ்வளவு வரி என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அந்த அறிவிக்கைகளில் பொருளின் பெயரைவிட எண்தான் முக்கியம். விஸ்கி 2208 என்ற எண்ணின் கீழ் வரும். மக்காச்சோளத்துக்கு 1005. வடிசாலைச் சக்கைக்கு 2303. அடுத்த முறை "போர்பன் வரி குறைப்பு" என்று பிரேக்கிங் நியூஸ் ஓடும்போது, பெரம்பலூர்க்காரர்கள் கடைசி இரண்டு எண்களைத் தேடிப் பாருங்கள்.